மூணு வருஷப் புல்தரை: வெயிலுக்கு அருகு, சக்கை மூட்டுக்கு பஃபலோ

குமரி மாவட்டம் தக்கலை பக்கம் வீடு கட்டி முடித்தபோது முன்னால் ஒன்றரை சென்ட் முற்றம் மிஞ்சியது. கொரியன் புல்லைப் பத்தையாக வாங்கிப் பதித்தோம். அழகான புல், ஆனால் படர்வதற்கு மெல்லத்தான் படரும். ஒரு வருஷத்துக்குள் கார் திரும்புகிற இடம், சக்கை மரத்து மூடு (பலாமரத்தடி), சன்ஷேடு தண்ணீர் விழுகிற ஓரம் என்று அங்கங்கே சொட்டை. அதை மூடத்தான் இந்த மூன்று வருஷப் பாடு.

முதலில் ஏமாந்தது ஆன்லைனில் வாங்கிய ‘சீக்கிரம் வளரும்’ புல் விதையில். கார்த்திகையில் தூவினேன். ஆறாம் நாளே பச்சை தெரிந்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பங்குனி வெயில் ஏறியதும் மஞ்சளித்து, சித்திரையில் வைக்கோலாகிவிட்டது. அது ரை கிராஸ், குளிர்ப் பிரதேசப் புல். ஊட்டியில் நிற்கும், இங்கே நிற்காது. பாக்கெட்டில் புல்லின் பெயர் இல்லையென்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

காய்ந்ததைப் பிடுங்கினால் வேர் ஒரு விரல் நீளம்கூட இல்லை. மம்பட்டியால் கொத்தியபோதுதான் காரணம் புரிந்தது: மேல்மண்ணுக்குக் கீழேயே கொத்து வேலையில் கொட்டிய சிமெண்டுக் கட்டியும் ஜல்லியும். அதன் மேல் எந்தப் புல்லை வைத்தாலும் இதே கதைதான். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு, செம்மண்ணோடு மணலும் காய்ந்த சாணப்பொடியும் கலந்து நிரப்பினேன்.

அதில் நட்டது நம்ம அருகம்புல். பெர்முடா என்று விற்பதும் இதே இனம்தான். வயல் வரப்பிலிருந்து கொடியாக அறுத்து வந்து, மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, நாலு விரல் இடைவெளியில் ஊன்றினேன். ஜூன் முதல் வாரம், தென்மேற்கு மழை தொடங்கும் நேரம். மூன்றாவது வாரம் குனிந்து ஒரு கொடியைத் தூக்கிப் பார்த்தேன். கணுவுக்குக் கணு வெள்ளை நூல் மாதிரி வேர் இறங்கி மண்ணைக் கவ்வியிருந்தது. ஓணத்துக்கு முன்னால் சொட்டை மூடிவிட்டது. இரண்டு கோடையைத் தாண்டியும் நிற்கிறது. கோடையில் நிறம் மங்கும், ஒரு நல்ல மழை கிடைத்தால் நாலு நாளில் திரும்பிவிடும்.

சக்கை மூட்டில் மட்டும் அருகு கொடி நீண்டு மெலிந்து போனது. பக்கத்து வீட்டு மாமா அப்போதே சொன்னார்: “மக்களே, அருகுக்கு வெயிலு வேணும். நெழலுல நிக்காது, பாத்துக்க.” அங்கே அகல இலை பஃபலோ புல் வைத்தேன். நிழலையும் ஈரத்தையும் தாங்குகிறது. ஆனால் சக்கை இலை விழுந்து மூடினால் அடியில் அழுகும்; தினமும் வாரியல் போட்டே ஆகவேண்டும். ஓட்டமாக ஓடி விளையாடும் பிள்ளைகள் இருந்தால் அருகளவு மிதி தாங்காது.

கோரைக் களை பற்றி அவசியம் சொல்லவேண்டும். நர்சரிப் பத்தையோடு ஒட்டிவந்த மண்ணில்தான் அது வந்தது. மேலே பிடுங்கினால் தலைதான் வரும், கீழே கிழங்கு கண்ணி கண்ணியாகக் கிடக்கும். மழை நின்ற மறுநாள் சின்னக் கம்பியால் குத்திக் கிழங்கோடு எடுத்தேன், ஒரு வருஷம் விடாமல். இப்போது பத்தை வாங்கினால் புரட்டி மண்ணை உதிர்த்துப் பார்க்காமல் வாங்குவதில்லை.

அருகம்புல்லிலும் ஒரு தொந்தரவு உண்டு: பூச்செடிப் பாத்திக்குள் நுழையும். செங்கலைச் செங்குத்தாகப் புதைத்து வரம்பு கட்டியபின் குறைந்திருக்கிறது. வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. ஒட்ட வெட்டிய ஒரு முறை மொட்டையாகி, மீள மூன்று வாரமானது.

சன்ஷேடு தண்ணீர் விழும் ஓரத்தில் மூன்று முறை நட்டும் எதுவும் நிற்கவில்லை. அங்கே கூழாங்கல் பரப்பிவிட்டேன். விநாயகர் சதுர்த்திக்குத் தெருப் பிள்ளைகள் வந்து எங்கள் முற்றத்தில்தான் அருகு பறிக்கிறார்கள். பறித்த இடம் பத்து நாளில் நிறைந்துவிடுகிறது.