நீர்க்கடுப்புக்கு எந்த வழி? பாம்பன் முதல் வாலிநோக்கம் வரை ஓர் ஒப்பீடு

நீர்க்கடுப்பு வந்தால் ராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தக் கரைப் பெண்கள் மூன்று வழிகளில் ஒன்றில் போகிறார்கள். மருந்துக்கடையில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இல்லையென்றால், பக்கத்தில் இருக்கும் லேபில் சிறுநீரை ஸ்டிரிப் என்ற, நிறம் மாறும் சோதனைப் பட்டை வைத்துப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் மருந்து எழுதி வாங்குகிறார்கள். வெகு சிலர் மாதிரியை ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ அனுப்பி, கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வந்த பிறகு மருந்து சாப்பிடுகிறார்கள். பாடப்புத்தகத்தைக் கேட்டால் கல்ச்சர்தான் உயர்ந்தது என்று சொல்லும். மண்டபம் பக்கத்தில் ஒரு சிறிய லேபில் வேலை பார்க்கிறவள் நான். எந்த வழி நல்லது என்பதை மாதிரி பயணப்படும் தூரமும், அந்தப் பெண்ணின் வேலையும், அவள் எத்தனையாவது முறையாக வந்திருக்கிறாள் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன என்பது என் கருத்து.

பெண்களின் சிறுநீர்த்தாரை, அதாவது சிறுநீர் வெளியே வரும் குழாய், குட்டையானது. குடலில் வாழும் ஈ.கோலை கிருமி அந்தச் சிறு தூரத்தைக் கடந்து சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடுவது எளிது. பை நிரம்பிக் காலியாகும் ஒவ்வொரு முறையும் ஏறியவற்றில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்படுகிறது. அடக்கி வைத்தால் அவற்றுக்குப் பெருக நேரம் கிடைக்கிறது. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்திலிருந்து கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் விடியலில் வள்ளம் ஏறுகிறார்கள். விரல்களில் துணி சுற்றி, பாதத்தில் ரப்பர் கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மூழ்கி எழுகிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அவற்றில் கால் வைக்க அனுமதி இல்லை. "தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டுமே தாயி, வள்ளத்தில் எங்கே ஒதுங்குவது?" என்று மாதிரி கொடுக்க வந்த ஒரு அக்கா என்னிடம் கேட்டார். வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்திகள். ஒரு மறைவு கிடையாது.

அறிகுறியா, ஸ்டிரிப்பா, கல்ச்சரா?

நோயாளி சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல ஆய்வுகளைத் திரட்டி 2002-இல் வெளியான ஓர் அலசலின்படி, எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வும் புதிதாக வந்து, வெள்ளைப்படுதல் போன்ற பிறப்புறுப்புத் தொல்லை இல்லாத பெண்ணுக்குத் தொற்று இருப்பதற்கான வாய்ப்பு 90 சதவீதத்துக்கும் மேல். சோதனையே செய்யாமல் கேள்வி மட்டும் கேட்டுக் கிடைக்கும் விடை இது. ஆனாலும் அந்தக் கணக்கை அப்படியே நம் கரைக்கு எடுத்துவர எனக்குத் தயக்கம் உண்டு. சித்திரை வெயிலில் நாள் முழுக்க உப்பு வாரியவருக்குச் சிறுநீர் சுண்டி அடர்ந்துபோய், கிருமியே இல்லாமலும் எரியும். அவருக்குத் தேவை தண்ணீரும் ஓய்வும்தான். ஆன்டிபயாட்டிக் அவருக்கு ஒரு நன்மையும் செய்யாது.

இந்த இரண்டையும் ஓரளவு பிரித்துக் காட்டுவது ஸ்டிரிப். விரல் நீளப் பிளாஸ்டிக் பட்டையில் வரிசையாகச் சிறு சதுரங்கள் ஒட்டியிருக்கும். முதல் நீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்த மாதிரியில் ஒரு நொடி நனைத்து, விளிம்பைத் துடைத்துப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் நைட்ரைட் சதுரம் இளஞ்சிவப்பானால் கிருமி இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் வெள்ளையணுச் சதுரம் ஊதாவானால் உடல் அதோடு போராடுகிறது. அடர்த்தியைக் காட்டும் சதுரம் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிடும்.

இதிலும் குறை உண்டு. கிருமி நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, சிறுநீர் பையில் ஏறக்குறைய நான்கு மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும். கடுப்பு வந்தவர்களோ அரை மணிக்கு ஒருமுறை போய்க்கொண்டிருப்பார்கள். அதனால் விடியற்காலை முதல் சிறுநீரில் பார்ப்பதே நல்லது. என்டரோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் நைட்ரைட்டைத் தருவதே இல்லை. ஆகவே நைட்ரைட் வரவில்லை என்பதை மட்டும் வைத்துத் தொற்று இல்லை என்று அனுப்பிவிடக் கூடாது. எங்கள் ஊருக்கே உரிய தொல்லையும் ஒன்று இருக்கிறது. ஸ்டிரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் கடற்காற்றின் ஈரத்தில் நைட்ரைட் சதுரம் தானாகவே நிறம் மாறத் தொடங்கிவிடும். ஒரு பட்டையை எடுத்த கையோடு மூடியை இறுக்குவதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கல்ச்சரின் பலம் வேறு எதற்கும் கிடையாது. எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்ற இரண்டையும் அதுதான் சொல்லும். ஆனால் கிருமி வளர ஒரு நாள், மருந்து பார்க்க இன்னொரு நாள் வேண்டும். அதற்குள் மாதிரி ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும். எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் தட்டில் ஏற்ற வேண்டும், இல்லையேல் குளிரில் வைக்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டருக்கு மேல். மதிய பஸ்ஸில் பையோடு தொங்கிக்கொண்டு போகும் குப்பியில் தோலிலிருந்து வந்த சாதாரண நுண்ணுயிரிகளும் பெருகிவிடும். அப்புறம் கிருமி 'மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல்' என்று அறிக்கை வந்தால் அதை எப்படி நம்புவது? அந்த ஒரு லட்சம் என்ற எல்லை 1950-களில் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் பணியிலிருந்து வந்தது. தொந்தரவு உள்ள பெண்களுக்கு நூறு இருந்தாலே தொற்றாக இருக்கலாம் என்று 1982-இல் வந்த ஆய்வு காட்டியது. ஆக, வெயிலில் போன மாதிரியில் பெரிய எண் வீணாகப் பயமுறுத்தலாம். சின்ன எண் வீணாக ஆறுதல் சொல்லலாம். ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். மீன் ஏற்றப் பெட்டி பெட்டியாக ஐஸ் உடைக்கும் ஊரில் ஒரு குப்பிக்கு ஐஸ் இல்லை என்று சொல்ல முடியாது.

இடையில் ஒன்று சொல்ல ஆசை. கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றும் அகர், செம்பாசிகளிலிருந்து எடுப்பது. இந்தப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகர் தருகிற பாசிதான். மருத்துவத்துக்கு இவ்வளவு கொடுத்தவர்களின் குப்பி ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வழிகளை நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வு 2010-இல் பிரிட்டனில் இருந்து வந்தது. 309 பெண்களை ஐந்து பிரிவாக்கினார்கள்: உடனே ஆன்டிபயாட்டிக், 48 மணி நேரம் பொறுத்து, அறிகுறி மதிப்பெண்ணை வைத்து, ஸ்டிரிப்பை வைத்து, கல்ச்சர் முடிவை வைத்து. ஐந்து பிரிவிலும் குணமான வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உடனே கொடுத்த பிரிவில் 97 சதவீதம் பேர் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டார்கள். ஸ்டிரிப் பிரிவில் 80, பொறுத்துப் பார்த்த பிரிவில் 77. கல்ச்சர் பிரிவில் 81, அதாவது ஸ்டிரிப்பைவிடக் குறைவே இல்லை. முதல் முறையாக, காய்ச்சல் இல்லாமல் வரும் நீர்க்கடுப்புக்கு அறிகுறியும் ஸ்டிரிப்பும் போதும் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இந்த ஆய்வு ஒரு ஆதாரம்.

கர்ப்பிணிகள், குளிர்க்காய்ச்சலோடு விலாவில் வலி உள்ளவர்கள், திரும்பத் திரும்ப வருபவர்கள், மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று நாளாகியும் குறையாதவர்கள், ஆண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு மட்டும் எவ்வளவு தூரமானாலும் கல்ச்சர் வேண்டும். கர்ப்பிணிக்குத் தொந்தரவே இல்லாவிட்டாலும் கிருமி இருந்தால் மருந்து உண்டு. விட்டால் அது சிறுநீரகத்துக்கு ஏறக்கூடும். ஆனால் ஒரு தொந்தரவும் இல்லாத பாட்டியின் அறிக்கையில் கிருமி என்று எழுதியிருப்பதைப் பார்த்து மாத்திரை கொடுப்பது தேவையற்றது.

எந்த மருந்து?

மருந்துக்கடை வழி தோற்பது இங்கேதான். கேட்டதும் கைக்கு வருவது பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசின். அதுவும் இரண்டே மாத்திரை. இந்தியாவில் சிறுநீர்த் தொற்று தரும் ஈ.கோலையில் பெரும்பகுதி இந்த மருந்துக்கு அடங்குவதில்லை. தசைநாண், நரம்பு, மூளை சார்ந்த பக்கவிளைவுகளைக் கருதி, வேறு மருந்து இருக்கும்போது சாதாரண நீர்க்கடுப்புக்கு இந்த வகையைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. கடல் வேலைக்குக் கையும் காலும்தான் முதல். அதைப் பணயம் வைத்து, வேலை செய்யுமா என்றே தெரியாத மாத்திரையை ஏன் விழுங்க வேண்டும்?

போட்டி உண்மையில் நைட்ரோஃபுரன்டாயினுக்கும் ஃபாஸ்ஃபோமைசினுக்கும் இடையில்தான். இரண்டும் பழைய மருந்துகள். இரண்டுக்கும் நம் நாட்டு ஈ.கோலை இன்னும் பெரும்பாலும் அடங்குகிறது. ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி. ஒரே வேளை, தண்ணீரில் கரைத்துக் குடித்தால் முடிந்தது. நைட்ரோஃபுரன்டாயினை 5 நாள், சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். 2018-இல் ஸ்விட்சர்லாந்து, போலந்து, இஸ்ரேல் ஆகிய நாடுகளில் 513 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 28-ஆம் நாளில் நைட்ரோஃபுரன்டாயின் எடுத்தவர்களில் 70 சதவீதமும் ஃபாஸ்ஃபோமைசின் எடுத்தவர்களில் 58 சதவீதமும் குணமாகியிருந்தார்கள். வித்தியாசம் சின்னதல்ல. வீட்டில் இருக்கக் கூடியவர் ஐந்து நாள் மாத்திரையைத் தேர்வதே சரி.

பாசிக்குப் போகிறவர் கதை வேறு. மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று இந்தப் பெண்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கிடைக்கும் அந்த நாளைத் தவறவிட மாட்டார்கள். விடியலில் வெறும் வயிற்றோடு வள்ளம் ஏறுகிறவர் நைட்ரோஃபுரன்டாயினைச் சாப்பாட்டோடு எப்படி எடுப்பார்? வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மருந்தும் சரியாக உறிஞ்சப்படாது. இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார். அப்படிப்பட்டவருக்கு, இரவு படுக்கும் முன் ஒரே முறை குடிக்கும் பொடி மேல். பாதியில் விட்ட நல்ல மருந்தைவிட முழுசாகச் சாப்பிட்ட அடுத்த மருந்தையே நான் நம்புவேன். நைட்ரோஃபுரன்டாயின் எடுப்பவர் சிறுநீர் பழுப்பாவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது மருந்தின் நிறம். ஆனால் காய்ச்சலும் முதுகுவலியும் இருந்தால் இந்த இரண்டுமே போதாது. இவை சிறுநீர்ப்பையோடு நின்றுவிடும், சிறுநீரகத் திசுவுக்குப் போதிய அளவில் எட்டாது.

உப்பளத்திலிருந்து வருகிறவருக்கு நைட்ரோஃபுரன்டாயின் எழுதும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனை பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர் 352 பேரைச் சென்னை ஆய்வாளர்கள் சோதித்தபோது நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. செயல்பாடு மிகக் குறைந்தால் அந்த மருந்து சிறுநீரில் போதிய அளவில் சேராது. உடலில் தங்கித் தீங்கும் செய்யும்.

ஆன்டிபயாட்டிக்கே இல்லாமல் வலி மாத்திரையில் ஓட்டலாமா என்று ஜெர்மனியில் 494 பெண்களிடம் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். ஐபுபுரோஃபென் பிரிவில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்டிபயாட்டிக் இல்லாமலே தேறினார்கள். ஆனால் தொந்தரவு கூடுதல் நாள் நீடித்தது. சிறுநீரகத்துக்கு ஏறியதும் அந்தப் பிரிவில் சற்று அதிகம். நீர் வற்றிய உடம்பில் ஐபுபுரோஃபென் சிறுநீரகத்தையே பதம் பார்க்கும். இந்த வழி நம் வெயிலுக்கு ஆகாது.

மறுபடி வராமல் இருக்க

அடிக்கடி வருகிறவர்களுக்குத் தண்ணீரைப் போல மலிவான மருந்து இல்லை. ஆண்டுக்கு மூன்று முறையாவது தொற்று கண்ட, குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களைப் பல்கேரியாவில் ஓராண்டு கவனித்தார்கள். அன்றாடம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 முறையும், பழையபடியே இருந்தவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. பாட்டில் தண்ணீர் விற்கும் நிறுவனத்தின் நிதியில் நடந்த ஆய்வு அது. என்றாலும் ஒப்பீடு முறையாக நடந்தது, முடிவும் உடலின் இயல்போடு பொருந்துகிறது. ஆனால் ஒதுங்க இடமில்லாதவரிடம் ஒன்றரை லிட்டர் கூடக் குடி என்று சொல்வது எப்படி வைத்தியமாகும்? கரையோர வாடியிலும் உப்பளத்திலும் ஒரு கழிப்பறையும் குடிநீர்த் தொட்டியும் கட்டுவது, இந்த நோயைப் பொறுத்தவரை, மருந்துக்குச் சமமான சிகிச்சை. அதுவரை, கரை ஏறியதும் இளநீரோ நீராகாரமோ வயிறாரக் குடித்துவிட்டு அன்று இரவுக்குள் மூன்று நான்கு முறையாவது பையைக் காலி செய்யுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

தண்ணீருக்கு அடுத்தபடி மூன்று போட்டியாளர்கள். கிரான்பெர்ரி பற்றி 50 ஆய்வுகளைத் தொகுத்த 2023-ஆம் ஆண்டு அலசல், அடிக்கடி வரும் பெண்களுக்குத் தொற்று கால்வாசி குறைவதாகச் சொல்கிறது. இங்கே அது விலைக்கும் கட்டாது, எளிதில் கிடைக்கவும் கிடைக்காது. தினமும் சிறு அளவில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதைவிட மெத்தனமைன் ஹிப்புரேட் என்ற கிருமிநாசினி மாத்திரை பெரிய அளவில் பின்தங்கவில்லை என்று 240 பெண்களிடம் நடந்த பிரிட்டன் ஆய்வு 2022-இல் காட்டியது. கிருமிகளுக்கு எதிர்ப்பு வளர்வதைப் பற்றிக் கவலைப்படுகிறவர் மெத்தனமைனைப் பரிசீலிக்கலாம்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு இவற்றையெல்லாம் தாண்டி நிற்பது, பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு. 1993-இல் 93 பெண்களிடம் நடந்த ஒப்பீட்டில் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பூசியவர்களுக்கு ஆண்டுக்கு 0.5 முறையும், மருந்து சேர்க்காத வெறும் களிம்பு பூசியவர்களுக்கு 5.9 முறையும் தொற்று வந்தது. பாசி எடுப்பவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் ஏராளம். மாதந்தோறும் மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கும் அவர்கள், இந்தக் களிம்பு எனக்குப் பொருந்துமா, மார்பகப் புற்றுநோய் வந்த குடும்பமென்றால் என்ன செய்வது என்று மகப்பேறு மருத்துவரிடம் கூச்சப்படாமல் ஒருமுறை கேட்க வேண்டும். வெளிநோயாளிப் பிரிவில் அதைக் கேட்கத் தனி அறை ஒன்றாவது ஒதுக்குங்கள் என்று மருத்துவமனைகளிடமும் கேட்டுக்கொள்கிறேன்.