காரியத்துக்குப் படம் போடக் கொடுக்கிறீர்களா? “முகத்தை மட்டும் வெட்டிப் பெருசாக்குங்க” என்று சொல்லாதீர்கள்

துக்க வீட்டில் நாள் நெருங்கும்போதுதான் நல்ல படம் இல்லையென்று தெரியவரும். போஸ் கொடுத்த படங்களில் ஆள் விறைப்பாக இருப்பார். இயல்பாகச் சிரித்த முகம், யாரோ போகிற போக்கில் எடுத்த படத்தில் இருக்கும். அதை ஸ்டூடியோவுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவோம். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு வந்த 12க்கு 18 அங்குலப் படத்தைச் சொல்கிறேன். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, பக்கவாட்டில் யாரையோ பார்த்துச் சிரிக்கிற படம். கடையிலிருந்து வந்ததில் மூக்குத்தி மூக்கோடு கரைந்திருந்தது. விழுந்த பல் முளைத்திருந்தது. கன்னத்தில் ஒரு சுருக்கம் இல்லை, முகமும் நீண்டிருந்தது. பணத்தை முன்னாடியே முழுசாக வாங்கிவிட்டார்கள். கேட்டால், “உங்க ஃபைல் அப்படி.”

ஃபைல் பாதிக் காரணம்தான். போனில் எடுத்த ஒரிஜினல் 4000க்கு 3000 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியதில் 1600க்கு 1200 ஆகச் சுருங்கிவிட்டது. அதில் முகமும் தோளும் மட்டும் வெட்டினால் தேறியது 450க்கு 600. 18 அங்குல உயரத்துக்கு 600 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 33. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 300 வேண்டும்; சுவரில் மாட்ட 150 இருந்தால் ஒப்பேற்றலாம். 33க்கு இந்த அளவு வராது என்று கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஏஐ ஆப்பில் போட்டு ‘எச்டி’ ஆக்கியிருக்கிறார். படத்தில் இல்லாததை அந்த ஆப் ஊகித்து வரையும். பல் வந்த வழி அதுதான்.

முகம் நீண்டதற்குக் காரணம் வேறு. 450க்கு 600 என்பது மூன்றுக்கு நான்கு. 12க்கு 18 என்பது இரண்டுக்கு மூன்று. ஓரத்தை வெட்டிப் பொருத்தாமல் இழுத்துப் பொருத்தினால் முகம் எட்டில் ஒரு பங்கு நீளும். இதற்குச் சாக்கே கிடையாது, சுத்தமான சோம்பேறித்தனம்.

ஒரிஜினலின் முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் மட்டும் வெட்டியிருந்தால் 2000க்கு 3000 கிடைத்திருக்கும். 12க்கு 18க்கு அது அங்குலத்துக்கு 166, தாராளம். மடியும் கீரைக் கையும் படத்திலேயே இருந்திருக்கும். ஆளை அடையாளம் காட்டுவது பல நேரம் அந்தக் கைதான். முகம் மட்டும் போதுமென்றால் ஒரிஜினலில் 1125க்கு 1500 வரும். 6க்கு 8 போடுங்கள், நன்றாக இருக்கும்.

வெட்டுவதை வீட்டிலேயே, ஒரு காப்பியில் செய்துகொள்ளுங்கள். முதலில் அளவை முடிவு செய்து, வெட்டும் ஆப்பில் அந்த அகல-உயர விகிதம் மாறாதபடி பூட்டிக்கொள்ளுங்கள். கோணலை நிமிர்த்திவிட்டுப் பிறகு வெட்டுங்கள். நிமிர்த்தும்போதே மூலைகள் போய்விடும். கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிற்கட்டும். ஆள் பார்க்கிற பக்கம் இடம் விடுங்கள், முதுகுப் பக்கம் இறுக்கினால் பரவாயில்லை. மணிக்கட்டு, முழங்கை, முட்டி ஆகிய மூட்டுகளில் வெட்டுக் கோடு விழக்கூடாது, கை துண்டானதுபோல் தெரியும்; முன்கை நடுவில் விழலாம். ஃபிரேம் சட்டம் நாலு பக்கமும் கால் அங்குலம்வரை மறைக்கும். கொண்டையை ஒட்டி வெட்டிவிடாதீர்கள்.

படம் எடுத்தவர் போனிலிருந்து ஒரிஜினலை வாங்குங்கள். வாட்ஸ்அப்பில்தான் வரவேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கூகுள் போட்டோஸில் படத்தை மேலே தள்ளினால் பிக்சல் கணக்கு தெரியும்.

கடையில் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்: முகத்தில் கை வைக்கக்கூடாது, பின்னணி மாற்றக்கூடாது, இழுக்கக்கூடாது. முகப் பகுதியை மட்டும் அதே பெரிய அளவில் ஒரு 4க்கு 6 தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போன் திரையில் காட்டும் சாம்பிளில் எதுவும் தெரியாது. லேமினேஷன் அதற்கப்புறம்தான், மீதிப் பணமும் அதற்கப்புறம்தான்.