போத்தல் கேக்: எதைக் கொடுப்பது, எதை விடுவது

தீபாவளிக்கு அலுவலக நண்பர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தபோதுதான் போத்தல் கேக் ஆசை வந்தது. முறுக்கும் அதிரசமும் எல்லார் வீட்டிலும் குவிந்து கிடக்கும். சிவப்பு மூடி பிளாஸ்டிக் போத்தலில் பிஸ்கட் கொடுப்பது நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும்கூட இங்கே சிங்கப்பூரில் நடப்பதுதான். கண்ணாடிப் போத்தலுக்குள் கேக், மூடிமேல் ஒரு துண்டு பட்டுத்துணி, சணல் கயிறு என்றால் பார்த்தவுடன் முகம் மலரும். ஆனால் போத்தல் கேக் என்ற ஒரே பெயரில் நாலைந்து வேறு வேறு சமாச்சாரங்கள் உலவுகின்றன. அவற்றில் ஒன்றை என் வீட்டு வாசலுக்குள்ளேயே விடமாட்டேன்.

அது இதுதான். ஜாம் போட்டு வைக்கும் கெட்டிக் கண்ணாடிப் போத்தலில் மாவை ஊற்றி, அவன் (oven) அடுப்பில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மூடியை இறுக்கிவிடுவார்கள். உள்ளே ஆவி குளிர்ந்து சுருங்கும்போது மூடி 'டக்' என்று உள்வாங்கும். சத்தம் கேட்டால் சீல் ஆகிவிட்டது, இனி மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கலாம் என்பது கணக்கு.

அந்த 'டக்' சத்தம்தான் ஆளை ஏமாற்றுகிறது. காற்று வெளியேறியது நமக்கு நிம்மதி. கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற கிருமிக்கோ அதுதான் விருந்து. மண்ணில் சாதாரணமாக இருக்கும் அதன் வித்துகள் கொதிநீரையும் தாங்கும். அவற்றை அழிக்க 121 டிகிரி செல்சியஸ் வேண்டும். அது அழுத்தத்தில்தான் கிடைக்கும். அவனை 180-ல் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். கேக்கில் ஈரம் இருக்கும்வரை அதன் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. வித்து பிழைத்துக்கொள்ளும். பிறகு காற்றில்லாத போத்தல், ஈரமான கேக், புளிப்புக் குறைவு, நம் ஊரின் 30 டிகிரி வெக்கை என்று அது நஞ்சு சுரக்க எல்லாமே கூடிவரும். கெட்டுப்போனது வாசனையிலோ ருசியிலோ தெரியாமலும் இருக்கலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, விழுங்க முடியாமல் போவது, மூச்சுத் தசைகள் செயலிழப்பது என்று போகும் நோய் அது.

ஜாமும் ஊறுகாயும் போத்தலில் நிற்கின்றனவே என்றால், ஜாமைச் சர்க்கரையும் புளிப்பும் காக்கின்றன, ஊறுகாயை உப்பும் புளிப்பும் காக்கின்றன. கேக்கின் பிஎச் அளவு (இது கூடக்கூடப் புளிப்பு குறைவு என்று பொருள்) பெரும்பாலும் பாதுகாப்பான எல்லையான 4.6-க்கு மேலேதான் இருக்கும். வாழைப்பழம், பூசணி, கேரட் போட்டவற்றில் ஈரமும் அதிகம். (கேரட் கேக் என்றதும் உணவங்காடியில் முட்டையோடு வறுத்துத் தரும் முள்ளங்கிப் பலகாரம் நினைவுக்கு வந்தால் அது நம் ஊர்க் குற்றம். நான் சொல்வது நிஜமாகவே கேரட் போட்டது.) வீட்டில் உணவு பதப்படுத்தும் வழக்கம் பரவலாக உள்ள அமெரிக்காவிலேயே, அதற்கான தேசிய மையம் இந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை.

சரி, சீல் வேண்டாம், போத்தலில் சுட்டு அன்றே சாப்பிடலாமே? செய்து பார்த்தேன். இந்தப் போத்தல்கள் கொதிநீருக்காகச் செய்யப்பட்டவை, அவனின் வறண்ட சூட்டுக்கு அல்ல. வெளியே எடுத்து, ஈரம் துடைக்காத கல்மேடையில் வைத்தேன். அடிப்பாகம் வட்டமாகக் கழன்று நின்றது. கேக்கோடு கண்ணாடித் தூளும் குப்பைக்குப் போனது. தப்பு என்னுடையதுதான்.

அதைவிட எனக்குப் பிடித்துப்போனது இட்லிப் பானை வழி. அகன்ற வாய்ப் போத்தலில் பாதி அளவு மாவு, மேலே தளர்வாக அலுமினியத் தாள், பானையில் வெதுவெதுப்பான நீர். அங்கிருந்து மெதுவாகச் சூடேற்றினால் கண்ணாடிக்கு அதிர்ச்சி இல்லை. கேக் பொன்னிறமாகாது, வெள்ளையப்பம் போல மிருதுவாக வரும். பாண்டன் இலைச் சாறும் தேங்காய்ப் பாலும் சேர்த்தால் அந்த நிறத்துக்கே ஒரு அழகு. ஆனால் மிக ஈரம். அன்றே சாப்பிடவேண்டும், இல்லையென்றால் ஆறியதும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்து மறுநாளைக்குள் முடிக்கவேண்டும்.

அழகுப் போட்டி என்றால் அடுக்கு கேக்தான் ஜெயிக்கும். தட்டையான டின்னில் கேக் சுட்டு, ஆறியபின் வட்டமாக வெட்டி, கிரீமும் மாம்பழத் துண்டும் மாறிமாறி அடுக்குவது. போத்தலைச் சூடாக்கவே வேண்டாம், உடையும் பயமும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கிரீம் போட்டது இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே இருக்கக்கூடாது. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். செங்காங்கிலிருந்து ஜூரோங்கில் இருக்கும் அலுவலகத்துக்கு எம்ஆர்டி ரயிலில் இரண்டு தடவை மாறி, எட்டுக் கண்ணாடிப் போத்தல்களைக் குளிர்ப்பையில் சுமந்துபோனவளுக்குத்தான் தெரியும் அந்தக் கனம். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க இதைவிடச் சிறந்தது இல்லை. எதிர்வீட்டு மக்சிக்குக்கு (மலாய் அம்மாவுக்கு) முட்டை சேர்த்து, மேல்தள மாமிக்கு முட்டையில்லாமல் என்று பிரித்துச் செய்வதும் எளிது. குளிர்பதனப் பெட்டியில் இரண்டு, மூன்று நாள் தாங்கும்.

உலர் கலவைப் போத்தல் இன்னொரு பக்கம். மாவு, கோகோ, சர்க்கரை, பேக்கிங் பவுடர் ஆகியவற்றை வரிவரியாக அடுக்கி, முட்டையும் வெண்ணெயும் சேர்க்கும் விதத்தை ஓர் அட்டையில் எழுதிக் கட்டிக் கொடுப்பது. அலமாரியில் வைக்கத் தகுந்த போத்தல் கேக் என்றால் இது ஒன்றுதான். மாதக்கணக்கில் என்று நம்பாதீர்கள். இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் பழுப்புச் சர்க்கரை கல்லாகும், பேக்கிங் பவுடர் வீரியம் இழக்கும், மாவில் வண்டு எட்டிப்பார்க்கும். நன்றாகக் காய்ந்த போத்தலில் போட்டு, ஒரு மாதத்துக்குள் செய்துவிடச் சொல்வேன். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: வாங்குகிறவர் வீட்டில் அவன் இருக்கிறதா? பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் கிடையாது. ஏர் பிரையரில் செய்யும் விதத்தையும் அட்டையின் பின்பக்கம் எழுதிவிட்டேன்.

நாள்பட வைக்க வேண்டுமென்றால் போத்தலை மறந்துவிடுவது உத்தமம். ரவையும் பாதாமும் வெண்ணெயும் தாராளமாகப் போடும் சூஜி கேக் இருக்கிறதே, இங்குள்ள யூரேசியர் (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சத்தினர்) வீட்டுக் கல்யாணங்களில் வெட்டுவார்களே, அதை இறுக்கமாகச் சுற்றி உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மாதம் ருசி மாறாது. உலர்பழக் கேக்கும் அப்படியே. பிராந்தியில் பழம் ஊறவைப்பது பழைய பாணி. எங்கள் அலுவலகத்தில் முஸ்லிம் நண்பர்கள் பாதிப் பேர் என்பதால் நான் ஆரஞ்சுச் சாறுதான் ஊற்றுகிறேன். மதுவின் காவல் இல்லாததால் அதை வெளியே முதிரவிடாமல் உறைபெட்டியில் வைத்துவிடுகிறேன்.

இந்த வருடம் அக்கம்பக்கத்துக்கு அடுக்கு கேக், அலுவலகத்துக்கு உலர் கலவை, ஜொகூர் அத்தைக்கு சூஜி கேக் என்று முடிவு செய்தேன். அத்தையிடம் தொலைபேசியில் சொன்னேன். "கேக் இருக்கட்டும்மா, அந்தக் கண்ணாடிப் போத்தல் நாலு காலியா கொண்டு வா. மாங்காய் ஊறுகாய் போடணும்" என்றார்.