அந்தியூர்ல குதிரை வாங்குறவங்க வண்டி பேசுறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

போன ஆடிக்கு அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு நானும் சித்தப்பாவும் போயி காத்தியவாரி இனத்துப் பெண்குதிரை ஒண்ணு வாங்குனோம். அஞ்சு வயசு, அப்படி ஒரு சாந்தம். குதிரையில நாங்க ஏமாறல, வித்தவரு நல்ல மனுஷன். ஏமாந்தது வண்டியில.

சித்தப்பா சுழி பாக்கவே ரெண்டு மணி நேரம் எடுத்தாரு. நெத்திச்சுழி, கழுத்துச்சுழி, அப்புறம் பல்லு, குளம்பு, நடக்க விட்டு, ஓட விட்டு, திருப்பி நடக்க விட்டு... வித்தவருக்கே அலுத்துப் போச்சு. வண்டிய மட்டும் டீக்கடை வாசல்ல நின்னு அஞ்சு நிமிஷத்துல பேசி முடிச்சோம். புரோக்கர் போன்ல போட்டோ காட்டுனாரு, "குதிரைக்குன்னே கட்டுன வண்டி தம்பி, நடுவுல தடுப்பு, கீழ ரப்பர் மேட்டு, கூட ஒரு ஆளும் வருவான், உங்க குதிரை மட்டுந்தான்"னாரு. 14,000 பேசி 6,000 அட்வான்ஸ். கால்நடை டாக்டர் சர்டிபிகேட்டுக்குன்னு தனியா 500.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர வேண்டிய வண்டி ராத்திரி ஒன்பதரைக்கு வந்துச்சு. போட்டோவுல பாத்த வண்டி இல்ல. காய்கறி ஏத்துற பிக்கப், வெறும் தகரத் தரை, அழுகுன தக்காளி நாத்தம், உள்ள ஏற்கெனவே யாரோட ஆண்குதிரையோ ஒண்ணு காலத் தட்டிக்கிட்டு நிக்குது. தடுப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. புரோக்கருக்கு போன் போட்டா "அந்த வண்டி பிரேக்டவுன், இது நம்ம பங்காளி வண்டிதான், ரெண்டு நின்னாத்தான் ஒண்ணுக்கொண்ணு துணை"ங்குறாரு. துணைக்கு இன்னொரு குதிரை நின்னா பயம் கொறையுங்குறது நெசந்தான், ஆனா நடுவுல கட்டை வேணும், அதுவும் பெண்குதிரை பக்கத்துல ஆண்குதிரைய யாராவது ஒட்டி நிறுத்துவாங்களா? போதாததுக்கு அது எந்த ஊரு குதிரை, சளி இருக்கா, கிளாண்டர்ஸ்ங்குற குதிரைத் தொத்துநோய்க்கு டெஸ்ட் எடுத்தாங்களான்னு எதுவும் தெரியாது. அந்த நோய் மனுஷனுக்கே ஒட்டும். அப்பவே வேணாம்னு சொல்லிருக்கணும். ராத்திரி நேரம், கையில குதிரை, வேற வண்டி கெடைக்கல, ஏத்திட்டோம். அது எங்க தப்புதான்.

டிரைவர் நைலான் கயித்த மேல் கம்பியோட சேத்து இழுத்துக் கட்டுனாரு, தலைய கீழ எறக்கவே முடியாத மாதிரி. "லூசா விடுங்கண்ணே"ன்னேன், "விட்டா அந்தக் குதிரைய கடிக்கும் தம்பி"ன்னாரு. நாங்க மாமா கார்ல பின்னாடியே போனோம். பவானி தாண்டுனதும் எண்பதுல பறக்குறான். கரூர் தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல போட்ட பிரேக்குல எங்க குதிரை முட்டி போட்டு விழுந்ததப் பின்னாடி இருந்து கண்ணால பாத்தேன். ஹாரன் அடிச்சு, லைட் போட்டு, நிக்கவே இல்ல. திண்டுக்கல் பக்கம் டீ குடிக்க நிறுத்துனப்ப நான் பக்கெட்டுல தண்ணி எடுத்துட்டுப் போனா "தண்ணி காட்டாதீங்க, வண்டியெல்லாம் மூத்திரமாயிடும்"ங்குறான். அந்த எடத்துல அடிக்கப் போயிட்டேன், சித்தப்பாதான் புடிச்சு இழுத்தாரு.

மேலூர் தாண்டி எங்க ஊருக்கு வந்து சேர்றப்ப ராத்திரி மூணு மணி. மீதிக்காசோட நைட் பேட்டா 3,000 சேத்து ஜிபே பண்ணாத்தான் கதவத் தொறப்பேன்னு நின்னுட்டான். குதிரை உள்ள நடுங்கிட்டு இருக்கு, என்ன பண்றது, போட்டேன். எறக்க பலகை கூட இல்ல, கம்மாக்கரை மேட்டுல வண்டிய ரிவர்ஸ் விட்டு எறக்குனோம். ரெண்டு முட்டியிலயும் தோல் போயி சதை தெரியுது.

காயம் கூட பரவால்ல. மூணாம் நாள் கொள்ளு வெச்சா மோந்து பாத்துட்டு திரும்பிக்கிச்சு, மூக்குல சளி, காய்ச்சல் 104. டாக்டர் வந்து கேட்ட மொத கேள்வியே "தலையத் தூக்கிக் கட்டியே கொண்டாந்தீங்களா?" குதிரை தலைய தாழ்த்துனாத்தான் மூச்சுக்குழாயில சேர்ற தூசி, சளியெல்லாம் வெளிய வருமாம், மணிக்கணக்கா தூக்கியே கட்டுனா அது நுரையீரலுக்கு எறங்கிடும்னாரு. ஷிப்பிங் ஃபீவர்னு இதுக்குப் பேரே இருக்கு. ஊசி, டிரிப்ஸ்னு மூணு வாரம், 19,000 போச்சு. பொழச்சதே பெருசுன்னாரு.

புரோக்கர்கிட்ட கேட்டதுக்கு "முன்னாடியே நோவு இருந்திருக்கும் தம்பி"ன்னு ஒரே வார்த்தை, அப்புறம் நம்பர பிளாக் பண்ணிட்டாரு.

இதுக்கெல்லாம் சட்டம் இருக்குங்குறதே எனக்கு பொறவுதான் தெரியும். 1978-லயே போட்ட விலங்குகள் போக்குவரத்து விதி. குதிரைக்கு குதிரை நடுவுல 8 செ.மீ. கனத்துக்கு மூங்கில் கட்டணும், பின்னாடி ரெண்டு கட்டை குறுக்க போடணும், எதிர்ல வர்ற வண்டியப் பாத்து மெரளாம இருக்க தலை இடது பக்கம் பாத்து நிக்கணும், ஏத்த எறக்க சரிவுப்பலகை வேணும், டாக்டர் சர்டிபிகேட் வேணும், ஸ்பீடு 35 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாது. முப்பத்தஞ்சு! எங்காளு போன வேகம் எண்பது.

அதனால வண்டிய பகல்லயே நேர்ல போயி பாருங்க, உள்ள ஏறி நின்னு காலத் தேச்சுப் பாருங்க, வழுக்குனா மணலாவது வைக்கோலாவது கனமா போடச் சொல்லுங்க. நம்பர் பிளேட்ட போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு "வேற வண்டி வந்தா அட்வான்ஸ் திருப்பித் தரணும்"னு வாட்ஸப்ல எழுதி வாங்குங்க, வாய்ப்பேச்சு வேணாம். கயிறு இழுத்தா அவுர்ற முடிச்சா இருக்கணும், தலை மார்பு மட்டத்துக்காவது எறங்கணும். மூணு நாலு மணி நேரத்துக்கு ஒருக்க நிறுத்தி தண்ணி காட்டணும், வீட்டுத் தண்ணியே கேன்ல எடுத்துட்டுப் போனா நல்லது, புதுத் தண்ணிய சிலது குடிக்காது. கெளம்புறதுக்கு முன்னாடி கொள்ளு, தவிடு நெறைய வெக்காதீங்க, குதிரைக்கு வாந்தி வராது, வயித்துவலி வந்தா அவ்வளவுதான். காஞ்ச புல்லு போதும்.

இப்ப நல்லா ஓடுது எங்க புள்ள. தெருவுல பிக்கப் சத்தம் கேட்டா மட்டும் காத மடக்கிக்கிட்டு கொட்டாய் மூலைக்குப் போயிடும். அந்த 500 ரூவா சர்டிபிகேட் இன்னும் வந்து சேரல.