ஹார்ட் ஆஃப் தி காங்கோஸ்: மூன்று தட்டு மறுவெளியீடு

ஜமைக்காவின் ரெகே இசைத்தட்டு சேர்க்க ஆரம்பிப்பவர் முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். காங்கோஸ் என்ற குழுவின் பாடல்கள், 1977-இல் வெளிவந்த ஆல்பம். கிங்ஸ்டனில் தன் வீட்டுக் கொல்லையில் கட்டிய பிளாக் ஆர்க் ஸ்டுடியோவில் இசைத் தயாரிப்பாளர் லீ பெர்ரி பதிவு செய்தது. நாலே டிராக் (தனித்தனியாக ஒலி பதியும் தடம்) கொண்ட டேப் மெஷின். இடம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி ஏற்றி வந்த அந்தக் கலங்கிய, ஈரமான ஒலிதான் இதன் உயிர். மேலே செட்ரிக் மைட்டனின் உச்சக்குரல், அடியில் வாட்டி பர்னெட்டின் கனத்த குரல், நடுவே மாடு கத்துகிறது!

வி.பி. ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் 2017 பதிப்பு இது. அப்புறம், மூன்றாவது தட்டைத் தவறவிடாதீர்கள்: ஜமைக்காவில் முதலில் வந்த மிக்ஸ், அதாவது குரலையும் கருவிகளையும் கலந்த முதல் வடிவம், அதில்தான் இருக்கிறது. எனக்கு அதுதான் ஒரு படி மேல்.