குறைந்த விலை ஜெம்ஸ்: பாண்டியில் வாங்கினோம், 14 ஐடி முடங்கிப் போச்சு

கடலூர், பாண்டி, நெய்வேலி பக்கம் ஆன்லைன் போர் கேம் விளையாடுறவங்களும், விளையாடுற பிள்ளைகளைப் பெத்தவங்களும் தயவுசெய்து முழுசா படிங்க. பாண்டியில் ஒரு மொபைல் கடையில் 35 சதவீதம் விலை குறைவுன்னு ஜெம்ஸ் (கேமுக்குள்ள செலவு பண்ண நிஜக் காசு கொடுத்து வாங்குற நாணயம்) வாங்கினதில் எங்க ஆட்கள் 14 பேரோட ஐடி, அதாவது கேம் கணக்கு, முடங்கிப் போச்சு. யாரும் பாஸ்வேர்டு கொடுக்கலை. யாரும் ஓடிபி சொல்லலை. பணம் கட்டின கொஞ்ச நேரத்தில் ஜெம்ஸும் கணக்கில் ஏறிடுச்சு. அப்படியும் ஏமாத்திட்டாங்க. எல்லாரும் வழக்கமா சொல்ற எச்சரிக்கை எதுவும் இந்த மோசடியில் உதவாது. அதனாலதான் இவ்வளவு விரிவா எழுதுறேன்.

கடை பேரும் தெரு பேரும் போடலை, புகார் கொடுத்திருக்கோம். கேம் பேரும் போடலை, ஏன்னா ஏமாத்தினது கேம் கம்பெனி இல்லை.

இந்த வகை கேம் தெரியாதவங்களுக்கு: உள்ளே போற ஒவ்வொருத்தரும் ஏதாவது ஒரு நாட்டைச் சேர்ந்தவங்க. மந்திரவாதி, வில்லாளி, வைத்தியர், கொல்லர்னு ஒரு பாத்திரத்தை எடுத்து மாசக்கணக்கா, சில பேர் வருஷக்கணக்கா வளர்ப்பாங்க. 2001-ல் வந்த 'டார்க் ஏஜ் ஆஃப் கேமலாட்' ஆல்பியன், ஹைபெர்னியா, மிட்கார்டுன்னு மூணு ராஜ்ஜியத்தை மோத விட்டது. 'நைட் ஆன்லைன்'ல கரூஸ், எல் மொராட்னு ரெண்டு நாடு. நாங்க விளையாடுறதில் நாட்டை ஆள்றதே ஆட்டக்காரங்கதான். வரி, கஜானா, படை, பக்கத்து நாட்டோட உடன்படிக்கை எல்லாம் நாமே பேசி முடிக்கணும். எதிரே வர்றதும் கம்ப்யூட்டர் இல்லை, வேற ஊர்ல உட்கார்ந்திருக்கிற மனுஷங்க. ஒருத்தர் ஐடி போனா அவரோட நஷ்டத்தோட முடியாது, அவர் காவல் காத்த கோட்டைவாசலும் சேர்ந்து போகும்.

எங்க நாட்டில் நாற்பது பேருக்கு மேல இருக்கோம். முதுநகர், திருப்பாதிரிப்புலியூர், நெல்லிக்குப்பம், பாகூர், முத்தியால்பேட்டைன்னு பல இடத்துப் பசங்க, மலேசியாவில் ஈப்போவில் இருந்து ரெண்டு அண்ணன்மார். தலைநகர்க் கோட்டைக்கு தேவனாம்பட்டினம்னு பேர் வச்சிருந்தோம். நிஜத் தேவனாம்பட்டினத்தில் இருக்கிற புனித டேவிட் கோட்டையை 1758-ல் இங்கிலீஷ்காரன்கிட்ட இருந்து பிரெஞ்சுப் படை பிடிச்சதைச் சொல்லி பாண்டிப் பசங்க சீண்டுவாங்க. 1761-ல் பாண்டியே இங்கிலீஷ்காரன் கைக்குப் போச்சேன்னு கடலூர்ப் பசங்க திருப்பிக் கொடுப்பாங்க. சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு முற்றுகை. சிப்காட்ல ஷிப்ட் முடிச்சு வர்றவர், துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏத்துற தம்பி, பாகூர்ல வீட்டு வேலை முடிச்சு ஹெட்போன் மாட்டுற அக்கா எல்லாரும் அந்த நேரத்துக்கு வந்துடுவாங்க. இதை வெட்டிப் பொழுதுன்னு சொல்றவங்க உண்டு. நாலு பேர் முன்னாடி வாயைத் திறக்கவே கூச்சப்பட்ட ஒரு காலேஜ் பையன் இப்போ நாற்பது பேர் படைக்கு மைக்கில் உத்தரவு போடுறான். எனக்கு அது பெரிய விஷயம்.

சீசன் முடியுற பெரும்போருக்கு ஜெம்ஸ் நிறைய வேணும். கோட்டைக்கதவைச் செப்பனிட, முற்றுகை இயந்திரம் இறக்க, செத்தவங்க அங்கேயே எழுந்து நிற்க, எல்லாத்துக்கும் ஜெம்ஸ்தான். எதிரி நாட்டில் ஆள் அதிகம். நாங்க முடிஞ்ச அளவு காசு போட்டு வாங்கணும்னு பேசி வச்சிருந்தோம்.

அப்போதான் பாண்டிப் பசங்க மூலமா இந்தக் கடை தெரியவந்தது. வாட்ஸ்அப்ல மட்டும் இருக்கிற ஆள் இல்லை. ஷட்டர் போட்ட கடை, போன் கவர் தொங்குது, ரெண்டு பையன் வேலை செய்றாங்க. நேர்லயே போய்ப் பேசினேன். "எப்படிண்ணா இந்த விலைக்குக் கட்டுப்படியாகுது?"ன்னு கேட்டேன். "பிளே ஸ்டோர் வழியா போனா அவன் கமிஷன் எடுப்பான் தம்பி. நாங்க கம்பெனி வெப்சைட்ல பல்க்கா போடுறோம். உன் பிளேயர் ஐடி நம்பர் மட்டும் கொடு, வேற ஒண்ணும் வேணாம்"னார்.

இந்தப் பதில்ல பாதி உண்மை இருக்கு, அதுதான் ஆபத்து. பிளே ஸ்டோரும் ஆப்பிளும் பொதுவா 15-ல் இருந்து 30 சதவீதம் வரை கமிஷன் எடுக்கிறது உண்மை. அதைத் தவிர்க்க நிறைய கேம் கம்பெனிங்க சொந்த வெப்சைட்ல விற்கிறதும் உண்மை. அங்கே ஐடி நம்பர் மட்டும் போட்டு யாருக்கு வேணும்னாலும் வாங்கிக் கொடுக்கலாம். ஆனா அந்த லாபத்தில் கம்பெனி நமக்குக் கொடுக்கிறது கொஞ்சம் போனஸ்தான். அந்த வெப்சைட்லயே இல்லாத 35 சதவீதத்தை ஒரு மொபைல் கடை கொடுக்கணும்னா, மீதிக் காசு வேற யாரோ ஒருத்தர் பையில் இருந்து வருது.

அது எப்படின்னு இப்போ தெளிவா தெரியும். திருட்டு கிரெடிட் கார்டு விவரத்தை வச்சு ஜெம்ஸ் வாங்கி நம்ம ஐடியில் போடுவாங்க. இல்லைன்னா சொந்தக் கார்டுலயே வாங்கிட்டு, பிறகு "இது நான் வாங்கலை"ன்னு பேங்க்ல மறுப்புச் சொல்லுவாங்க. நம்ம கிட்ட வாங்கின யூபிஐ பணம் முழுசும் அவங்களுக்கு லாபம். கார்டுக்கு உரியவர் ஸ்டேட்மென்ட் பார்த்துப் புகார் கொடுத்ததும் பேங்க் அந்தப் பணத்தைக் கம்பெனிகிட்ட இருந்து திரும்ப எடுத்துக்கும். விசா, மாஸ்டர்கார்டு விதிப்படி இதுக்குப் பொதுவா 120 நாள் வரை அவகாசம் உண்டு. கம்பெனி என்ன பண்ணும்? பணம் வராத ஜெம்ஸை நம்ம கணக்கில் இருந்து கழிக்கும். நாம செலவு பண்ணியிருந்தா கணக்கு மைனஸுக்குப் போகும், ஐடி லாக் ஆகும். அதாவது இன்னைக்கு ஜெம்ஸ் வந்துடுச்சுங்கிறது எதுக்கும் சாட்சி இல்லை. நாலு மாசம் கழிச்சுக்கூட பறிபோகலாம்.

முதல்ல சின்னத் தொகைக்கு வாங்கிப் பார்த்தோம், வந்தது. கொஞ்ச நாள் விட்டு இன்னொரு தடவை, அதுவும் வந்தது. பெரும்போருக்கு முன்னாடி 14 பேர் சேர்ந்து வாங்கினோம். பணம் அனுப்பும்போது கியூஆர்ல கடை பேர் வராம வேற ஒரு ஆள் பேர் காட்டுச்சு. கேட்டதுக்கு "மச்சான் அக்கவுண்ட்டுதான்"னார். கையால எழுதின பில்லும் கொடுத்தார். அதில் "ரீசார்ஜ்"னு மட்டும் இருக்கு, ஜிஎஸ்டி எண் இல்லை. இந்த ரெண்டையும் எங்கே பார்த்தாலும் அப்படியே எழுந்து வந்துடுங்க.

போர் ரெண்டு சனிக்கிழமை நடக்கும். முதல் சனிக்கிழமை வெளிக்கோட்டையைப் பிடிச்சோம். முத்தியால்பேட்டைப் பையன் தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினான். அடுத்த சனிக்கிழமைக்கு முன்னாடியே ஒவ்வொருத்தர் கணக்கா சிவப்பு எழுத்தில் மைனஸ் காட்ட ஆரம்பிச்சது. எங்க நாட்டுத் தலைவர் ஐடியும் அதில் ஒண்ணு. தலைவர் ஐடி லாக் ஆனா கஜானா திறக்காது, கூட்டாளி நாட்டுக்குக் கதவு திறந்துவிட முடியாது. பாகூர் அக்காதான் எங்க முதன்மை வைத்தியர், அவங்க ஐடியும் போச்சு. மீதி இருந்தவங்க ரெண்டு மணி நேரம் தாக்குப்பிடிச்சாங்க. விழுந்தவங்களை எழுப்பிவிட வைத்தியர் இல்லாம, உடைஞ்ச கதவைச் சரிபண்ண ஜெம்ஸ் இல்லாம, கோட்டை விழுந்தது. எதிரி நாட்டுக்காரங்க நல்லா ஆடினாங்க, அவங்க மேல எந்தக் குறையும் இல்லை. ஆனா நாங்க தோத்தது அவங்ககிட்ட இல்லை, பாண்டியில் ஒரு கவுன்டர்ல.

கம்பெனிக்கு எழுதினோம். மரியாதையாத்தான் பதில் வந்தது: வாங்கின கார்டுக்காரர் மறுப்புச் சொல்லியிருக்கார், மைனஸ் தொகையை முழு விலையில் கட்டினா ஐடி திறக்கும், மூணாம் ஆள்கிட்ட வாங்கினதுக்கு நாங்க பொறுப்பில்லை. கணக்குப் பாருங்க. 5,000 ரூபாய் ஜெம்ஸுக்கு கடையில் 3,250 கட்டியாச்சு. ஐடியைத் திறக்க இன்னொரு 5,000. மொத்தம் 8,250. நேரா வாங்கியிருந்தா 5,000-தான். ஐஸ் பெட்டி ஏத்துற தம்பிக்கு அது பல நாள் கூலி.

கடைக்குப் போனப்போ நடந்ததுதான் என்னை எழுத வச்சது. முதல்ல "ஜெம்ஸ் வந்துச்சா இல்லையா? வந்துச்சுல்ல? அதுக்கு மேல கம்பெனியைக் கேளு"ன்னார். விடாம நின்னதும் குரல் மாறிடுச்சு. "ஆன்லைன் கேம்ல பணம் போடுறதே இப்போ சட்டப்படி தப்பு. ஸ்டேஷனுக்குப் போனா முதல்ல உங்களைத்தான் உள்ள வைப்பாங்க." கூட வந்த பசங்க முகம் வெளுத்துப்போச்சு. அதுல ரெண்டு பேர் வீட்டுக்குத் தெரியாம விளையாடுறவங்க. அன்னைக்கு ராத்திரியே ரெண்டு பேரும் புகார்ல எங்க பேரைப் போடாதீங்கண்ணான்னு சொல்லிட்டாங்க.

இது பச்சைப் பொய். 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த ஆன்லைன் கேமிங் சட்டம் தடை பண்ணினது, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆட்டங்களை. ரம்மி, போக்கர் மாதிரி. எங்க கேம்ல ஜெம்ஸைத் திரும்பக் காசாக்கவே முடியாது. பணம் வைக்காத ஆட்டங்களையும் இ-ஸ்போர்ட்ஸையும் அந்தச் சட்டம் தனியாத்தான் வச்சிருக்கு. பணம் கட்டுற ஆட்டத்துலகூட தண்டனை நடத்துறவங்களுக்கும், விளம்பரம் பண்றவங்களுக்கும், பணப் பரிவர்த்தனைக்கு வழி பண்றவங்களுக்கும்தான், விளையாடுறவங்களுக்கு இல்லை. பசங்களைப் பயமுறுத்தி வாயை அடைக்க இதைச் சொல்றாங்க. பெத்தவங்க இந்த இடத்தில் பிள்ளையைத் திட்டாம பக்கத்தில் நிற்கணும்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன். நீங்க திட்டுவீங்கங்கிற பயம்தான் அந்தக் கடைக்காரருக்குப் பாதுகாப்பு.

புகார் விஷயத்தில் நம்ம ஊருக்குன்னே ஒரு சிக்கல் உண்டு. கடலூர்ல இருந்து பாண்டிக்கு பஸ்ல ஒரு மணி நேரம்தான். ஆனா அது வேற அரசு, வேற போலீஸ். ஒரு ஸ்டேஷன்ல "கடை பாண்டியில் இருக்கு, அங்க போங்க"ன்னாங்க. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்தது) சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் தகவல் கொடுக்கலாம். இதை எழுதி எடுத்துட்டுப் போய் நிதானமா காட்டினதும் வாங்கிக்கிட்டாங்க. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண் ரெண்டு பக்கத்துக்கும் பொதுதான். தேசிய சைபர் கிரைம் இணையதளத்துலயும் பதியலாம். யூபிஐ பரிவர்த்தனையோட 12 இலக்க எண், தேதி, நேரம் மூணும் கையில் இருக்கணும். சீக்கிரம் சொன்னா பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. இந்த மோசடியில் நமக்குத் தெரியவரும்போதே நாள் ஓடிப்போயிருக்கும், அதனால மைனஸ் காட்டின அன்னைக்கே கூப்பிடுங்க.

இன்னொரு வழி நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருஷச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நாம குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடலூர்க்காரர் கடலூர்லயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் கிடையாது. நாங்க இதையும் பண்றோம். கையால எழுதின அந்த பில் அங்கே உதவும்.

அந்தக் கடையில் வாங்கி இன்னும் மைனஸ் காட்டாதவங்க அந்த ஜெம்ஸைத் தொடாதீங்க. கம்பெனி சப்போர்ட்டுக்கு இப்போவே எழுதி, இன்ன தேதியில் மூணாம் ஆள் வழியா ஏறின ஜெம்ஸ் இது, எடுத்துக்கோங்கன்னு சொல்லுங்க. அப்படி முன்கூட்டியே எழுதின எங்க ஆள் ஒருத்தர் ஐடி லாக் ஆகாம தப்பிச்சது. பில், யூபிஐ ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிச்சுடாதீங்க. நுகர்வோர் மனுவில் சேர விரும்புறவங்க உள்பெட்டியில் சொல்லுங்க. பேர் வெளியே வராது, வீட்டுக்கு நான் போன் பண்ண மாட்டேன்.