வருமான வரிக் கணக்கு: நாமே தாக்கல் செய்வதா, ஆடிட்டரிடம் விடுவதா?

நான்கு வருடமாக என் வருமான வரிக் கணக்கை அரசின் இ-ஃபைலிங் தளத்தில் நானே தாக்கல் செய்து வருகிறேன். அதற்கு முன் ஆறு வருடம் ஒரு ஆலோசகரிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரே ஒரு முறை தனியார் தளத்திலும் செய்து பார்த்தேன். மூன்றையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாதச் சம்பளம், பென்ஷன், வங்கி வட்டி, இவ்வளவுதான் வருமானம் என்றால் நேராக அரசுத் தளத்துக்கே போய்விடலாம் என்பது என் கட்சி.

செலவை முதலில் முடித்துவிடுவோம். அரசுத் தளம் இலவசம், மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் பணம். நேரம் என்று பார்த்தால், முதல் வருடம் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. இப்போது ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை.

அந்தத் தளத்தின் மேல் மக்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானதுதான். 2021 ஜூன் 7 அன்று புதிய தளம் வந்தபோது லாகின் செய்வதற்கே பலரும் பட்ட பாடு நினைவிருக்கும். அந்த வருடம் கெடு டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. இன்றும் ஒரு ரசீதைத் தேடி அலமாரிவரை போய் வந்தால் நம்மை வெளியே அனுப்பிவிட்டு லாகின் பக்கம் நிற்கும். வரும் பிடிஎஃப்பைத் திறக்கப் பாஸ்வேர்டு கேட்கும். பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியைச் சேர்க்க வேண்டும் என்பது தெரியாமல் தவிப்பவர்கள் ஏராளம்.

ஆனால் இந்த அவஸ்தையில் பெரும்பகுதி நாம் போகும் நாளைப் பொறுத்தது. நிறுவனங்கள் கடைசிக் காலாண்டின் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்த வரி) கணக்கை மே 31-க்குள் கொடுக்க வேண்டும்; சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் ஃபார்ம் 16 ஜூன் 15-க்குள் நம் கைக்கு வர வேண்டும். ஏப்ரலில் போனால் தகவல்கள் அரைகுறையாக இருக்கும். ஜூலை கடைசி வாரம் போனால் கூட்டம். ஜூன் பாதிக்கு மேல் போனால் சம்பளம், வட்டி, பிடித்த வரி எல்லாம் அநேகமாகத் தானாகவே நிரம்பியிருக்கும், தளமும் சும்மா கிடக்கும். நம் வேலை ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். போன வருடம் அதில் ரூ.312 வட்டி என்று ஒரு வரி இருந்தது. பழைய கம்பெனியில் இருந்தபோது திறந்த சம்பளக் கணக்கு, எனக்கே மறந்துபோயிருந்தது. ஃபார்ம் 16-ஐ மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வேலையை முடிப்பவர் கண்ணில் இது படவே படாது.

சரி, என்னை முழுசாக இந்தப் பக்கம் சாய்த்தது செலவும் இல்லை, நேரமும் இல்லை. அப்பாவின் கணக்கு.

அப்பா ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருடைய கணக்கை ஒரு ஏஜென்ட் பார்த்து வந்தார். ஃபிக்சட் டெபாசிட் வட்டியில் வங்கி பிடித்த ரூ.11,640 ரீஃபண்டாகத் திரும்ப வர வேண்டும். இரண்டு வருடமாக வரவில்லை. கேட்டால், “தாக்கல் பண்ணியாச்சு சார், வந்துரும்” என்பார். ஒருநாள் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நானே லாகின் செய்யப் பார்த்தேன். பாஸ்வேர்டு எங்கள் யாருக்கும் தெரியாது. மறந்துவிட்டது என்று அழுத்தி, பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி கேட்டால், திரையில் ஒரு போன் நம்பர் வருகிறது. நடுவில் எல்லாம் நட்சத்திரக் குறி, கடைசி இரண்டு இலக்கம் 47. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். “இது என் நம்பர் இல்லையேப்பா” என்றார். என்னுடையதும் இல்லை, தம்பியுடையதும் இல்லை.

ஆதாரில் அப்பாவின் எண்ணே இருந்ததால், ஆதார் ஓடிபி வழியாகப் பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போனோம். அவருடைய வங்கியை இன்னொரு வங்கியோடு இணைத்தபோது கிளையின் அடையாள எண்ணான ஐஎஃப்எஸ்சி மாறியிருந்தது. பழைய எண்ணே பதிவில் கிடந்ததால் ரீஃபண்ட் போய்ச் சேராமல் திரும்பிவிட்டது. அதைச் சொல்லும் மெயிலும் அனுப்பியிருக்கிறார்கள், ஏஜென்டின் முகவரிக்கு. தொடர்பு எண்ணையும் மெயிலையும் மாற்றி, வங்கிக் கணக்கை மறுபடி சரிபார்த்து, ரீஃபண்டை மீண்டும் அனுப்பச் சொல்லி விண்ணப்பித்தோம். எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேர வேலை. சில வாரங்களில் பணம் வந்துவிட்டது.

பணம் தாமதமானதைக்கூட விட்டுவிடலாம். நோட்டீஸ் வந்திருந்தால்? தாக்கல் செய்த கணக்கில் குறை இருக்கிறது என்று வரும் நோட்டீஸுக்குப் பொதுவாக 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கணக்கே செல்லாமல் போகலாம். தாக்கல் செய்த 30 நாளுக்குள் அது நம் கணக்குதான் என்று இணையத்தில் உறுதிசெய்ய (இ-வெரிஃபை) வேண்டும் என்ற கெடு வேறு. ரீஃபண்ட் அதிகமாக வாங்கித் தருகிறேன் என்று சில ஏஜென்டுகள் இல்லாத வரிக் கழிவுகளை எழுதுவதும் நடக்கிறது. வருமானத்தைத் தவறாகக் காட்டினால் அதனால் குறைந்த வரியில் 200 சதவீதம் வரை அபராதம் உண்டு. அது விழுவது நம் பான் எண்ணில், எழுதியவருடையதில் இல்லை. இத்தனைக்கும் எச்சரிக்கை முக்கியமாக வருவது கணக்கில் பதிவாகியிருக்கும் போனுக்கும் மெயிலுக்கும்தான். அது இன்னொருவர் கையில் இருந்தால், நம் கணக்கில் என்ன நடக்கிறது என்பது நமக்குக் கடைசியில்தான் தெரியவரும். யாரிடம் கொடுத்திருந்தாலும் சரி, இன்றைக்கே ஒருமுறை லாகின் செய்து அங்கே யாருடைய எண் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். வீட்டில் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் இருந்தால் அவர்களுடையதையும்.

தனியார் தளங்களைப் பற்றி ஒரே வருட அனுபவத்தில் அதிகம் பேசக்கூடாது. ஃபார்ம் 16-ஐ ஏற்றினால் தானே படித்துக் கட்டங்களை நிரப்பியது; வரி கணக்கிடும் பழைய முறை, புதிய முறை இரண்டுக்கும் வரியைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டியது. முதல்முறை செய்பவருக்கு அது தெம்பு தரும். ஆனால் சம்பள விவரம், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இன்னோர் இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் ரீஃபண்ட் என்ன ஆனது, நோட்டீஸ் எதுவும் வந்ததா என்று நான் பார்க்கப் போனது அரசுத் தளத்துக்குத்தான்.

ஆடிட்டர்கள் எல்லோரும் அப்பாவுக்கு வாய்த்தவர் போல என்று சொல்லவில்லை. அவர் ஆடிட்டரே இல்லை, ஏஜென்ட். கடை, தொழில், பங்குச்சந்தையில் அன்றாட வியாபாரம், வெளிநாட்டுப் பங்குகள் என்று இருப்பவர்களுக்கு நல்ல ஆடிட்டர் அவசியம் என்றே தோன்றுகிறது. அந்தப் படிவங்களை நான் நிரப்பியதில்லை, அதனால் அங்கே என் கட்சியை இழுக்க மாட்டேன்.

இந்த வருடம் எனக்கும் ஆடிட்டர் தேவைப்படுகிறது. பல வருடம் முன்பு வாங்கிய ஒரு மனையை விற்றிருக்கிறேன். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம் என்பதால், வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டின்படி உயர்த்திக்கொண்டு 20 சதவீதமா, குறியீடு இல்லாமல் 12.5 சதவீதமா, எதில் வரி குறைவு என்று கணக்குப் போட வேண்டும். பத்திரச் செலவு, பழைய ரசீதுகள் என்று நிறைய இருக்கிறது. இதை நானே செய்து பார்க்கத் துணிச்சல் இல்லை. ஒருவரைப் பேசி முடித்தாயிற்று. கணக்கில் என் எண்ணும் என் மெயிலும்தான் இருக்கும், தாக்கல் செய்யும் நாளில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று முதலிலேயே சொன்னேன். “தாராளமா வாங்க, நானே அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன்” என்றார்.